ஒன்பது நாற்காலிகளும் ஓட்டில்லாத பத்தாவதும்: அமெரிக்கச் சிற்றூர் பள்ளி மாவட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்திருக்கும் தமிழர்களும், அந்நாட்டுச் செய்திகளை இங்கிருந்து படிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பொதுவாகச் சொன்னால் வறட்டு விதிப்புத்தகம்போல ஆகிவிடும் என்பதால், பென்சில்வேனியா மாநிலத்தின் டோவர் என்ற சிற்றூரை எடுத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன். 2004-05இல் உயிரியல் வகுப்பில் பரிணாமக் கொள்கையைக் கற்பிப்பது பற்றி அங்கே எழுந்த தகராறும் வழக்கும், இந்த அமைப்பின் எல்லா மூட்டுகளையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன.

பள்ளி மாவட்டம் என்பது என்ன? அதை யார் ஆள்கிறார்கள்?

அரசுப் பள்ளிகளை நடத்துவதற்காகவே இருக்கும் தனி உள்ளாட்சி அமைப்பு அது. மேயருக்கும் அதற்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. அதற்கென்று எல்லை, தேர்தல், வரி, வரவுசெலவுத் திட்டம் எல்லாம் தனி. அமெரிக்கா முழுவதும் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. பென்சில்வேனியாவில் மட்டும் 500. ஹவாய் மாநிலம் முழுவதும் ஒரே மாவட்டம்; அது விதிவிலக்கு.

நம் ஊரில் பாடத்திட்டம் சென்னையில் முடிவாகிறது, முதன்மைக் கல்வி அலுவலரை அரசு நியமிக்கிறது, அவர் மாறுதலாகிப் போனால் இன்னொருவர் வருகிறார். அங்கே மாநில அரசு பாடத்தரங்களையும் தேர்வுகளையும் வகுக்கிறது. எந்தப் பாடநூலை வாங்குவது, யாரை வேலைக்கு எடுப்பது, எவ்வளவு வரி போடுவது என்பதையெல்லாம் ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்த வாரியம் முடிவு செய்கிறது. வாரியத்துக்குக் கீழே, அது நியமித்த கண்காணிப்பாளர் பள்ளிகளை நடத்துகிறார்.

டோவர் எங்கே இருக்கிறது?

பென்சில்வேனியாவின் தென்பகுதியில், யார்க் கவுன்டியில், யார்க் நகரத்துக்குப் பக்கத்தில். டோவர் பரோ, டோவர் டவுன்ஷிப், வாஷிங்டன் டவுன்ஷிப் ஆகிய மூன்று உள்ளாட்சிப் பகுதிகளும் சேர்ந்தது டோவர் ஏரியா பள்ளி மாவட்டம். வழக்கு நடந்த காலத்தில் சுமார் 3,700 மாணவர்கள். அவர்களில் ஏறத்தாழ 1,000 பேர் உயர்நிலைப் பள்ளியில். வயலும் புதுக் குடியிருப்புகளும் கலந்த, தேவாலயங்கள் நிறைந்த, குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கும் ஊர். பெரிய ஊழலோ பணக்கார அரசியலோ இல்லாத சாதாரண இடம். அதனால்தான் அது நல்ல எடுத்துக்காட்டு.

வாரியத்தில் யார் உட்காருகிறார்கள்? சம்பளம் உண்டா?

ஒன்பது பேர். பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். சம்பளம் கிடையாது, மாநிலச் சட்டமே அதைத் தடுக்கிறது. 18 வயது நிரம்பி அந்த மாவட்டத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்பதுபோன்ற சில தகுதிகள் மட்டும் போதும். கல்வித்துறையில் அனுபவம் தேவையில்லை. கடைக்காரர், ஓய்வுபெற்ற காவலர், இல்லத்தரசி, பொறியாளர் என்று யார் வேண்டுமானாலும் வரலாம்.

தேர்தல் ஒற்றைப்படை ஆண்டுகளில் நடக்கிறது. அதிபர் தேர்தலும் ஆளுநர் தேர்தலும் இரட்டைப்படை ஆண்டுகளில் முடிந்துபோவதால் இந்த வாக்குப்பதிவுக்குக் கூட்டம் குறைவு. இன்னொரு விநோதமும் உண்டு: பென்சில்வேனியாவில் பள்ளி வாரியத்துக்குப் போட்டியிடுபவர், கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் மே மாத முதல்நிலைத் தேர்தலில் இரண்டு கட்சிகளின் வாக்குச்சீட்டிலும் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். இரண்டிலும் வென்றுவிட்டால் நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு. ஊரின் மிகப்பெரிய வரவுசெலவுத் திட்டங்களில் ஒன்றைக் கையாளப் போகிறவர், ஒரு திருமண மண்டபத்துக் கூட்டத்தின் வாக்குகளைக்கொண்டு உள்ளே வந்துவிட முடியும்.

பதவியிலிருக்கும் ஒருவரை இடையில் திரும்ப அழைக்கும் தேர்தல் பென்சில்வேனியாவில் இல்லை. யாராவது பதவி விலகினால், மீதமிருப்பவர்களே கூடி அந்த இடத்துக்கு ஒருவரை நியமிக்கிறார்கள். இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்காணிப்பாளருக்கு எவ்வளவு அதிகாரம்?

பள்ளிகளைத் தினமும் நடத்துபவர் அவர்தான். வாரியம் பெரும்பான்மை வாக்கில் அவரை நியமிக்கிறது. ஒப்பந்தம் இப்போது மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை. கல்வித்தகுதியும் அனுபவமும் மாநிலம் கேட்பதற்கேற்ப இருக்க வேண்டும். ஆகவே அறையில் கல்வி நிர்வாகம் படித்தவர் பெரும்பாலும் அவர் ஒருவரே. அவருடைய வேலையைப் புதுப்பிப்பவர்களோ எதிரே உட்கார்ந்திருக்கும் ஒன்பது பேர்.

பென்சில்வேனியாவின் பள்ளிச் சட்டம் அவருக்கு வாரியத்தில் ஓர் இருக்கை கொடுக்கிறது. எந்தப் பொருளைப் பற்றியும் பேசும் உரிமையும் கொடுக்கிறது. வாக்குரிமை மட்டும் கிடையாது. எனக்கு இந்த ஏற்பாடு முழுவதிலும் முக்கியமாகப் படுவது இந்தப் பத்தாவது நாற்காலிதான். ஓட்டில்லாதவருக்குப் பேச்சுரிமையை ஏன் சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும்? அவர் பேசுவார் என்று எதிர்பார்த்துத்தான்.

பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி உள்ளூர்ச் சொத்துவரி, அடுத்து மாநில அரசின் பங்கு, மத்திய அரசின் பங்கு சிறிது. வீட்டு விலை அதிகமான ஊரில் பள்ளிக்குப் பணம் சேரும். ஏழை ஊரில் வரிவிகிதத்தை ஏற்றினாலும் சேராது. 2023 பிப்ரவரியில் பென்சில்வேனியா காமன்வெல்த் நீதிமன்றம் இந்த நிதிமுறை மாநில அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2006இல் வந்த ஒரு சட்டத்தின்படி, மாநிலம் குறிக்கும் வரம்பைத் தாண்டி வரி ஏற்ற வேண்டுமானால், சில விதிவிலக்குகள் தவிர, வாக்காளர்களின் ஒப்புதல் வேண்டும். நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. ஜூன் 30க்குள் வரவுசெலவுத் திட்டம் நிறைவேறியாக வேண்டும். மே, ஜூன் மாதக் கூட்டங்களில் குரல் உயர்வதற்குக் காரணம் இதுதான்.

டோவரில் தகராறு எதில் தொடங்கியது?

ஒரு பாடநூல் வாங்குவதில். ஒன்பதாம் வகுப்பு உயிரியலுக்குப் புதிய பதிப்பு வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்டார்கள். கென்னத் மில்லரும் ஜோசஃப் லெவினும் எழுதிய, நாடெங்கும் புழக்கத்திலிருந்த பாடநூல் அது. சாதாரணமாகப் பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய தீர்மானம்.

வாரியத்தின் பாடத்திட்டக் குழுத் தலைவராக இருந்த வில்லியம் பக்கிங்ஹாம், 2004 ஜூன் மாதக் கூட்டத்தில் அந்த நூல் டார்வினியத்தால் நிரம்பியிருக்கிறது என்று சொல்லி மறித்தார். அவருக்கு முன்பே வாரிய உறுப்பினர் ஆலன் பான்செல், உயிரியல் வகுப்பில் பரிணாமத்துக்குச் சமமாக, உயிர்களைக் கடவுளே படைத்தார் என்கிற படைப்புவாதமும் இடம்பெற வேண்டும் என்று எண்ணியிருந்தார். 2002, 2003இல் நடந்த வாரியச் சிறப்பு அமர்வுகளில் அவர் பெயருக்கு நேரே 'படைப்புவாதம்' என்ற சொல் பதிவாகியிருந்தது.

2004 ஆகஸ்டில் பக்கிங்ஹாம் ஒரு பேரம் வைத்தார். 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்' என்ற இன்னொரு நூலையும் சேர்த்து வாங்கினால்தான் உயிரியல் பாடநூலுக்கு வாக்கு. உயிர்களின் சிக்கலான அமைப்பைப் பார்த்தால் அறிவுள்ள ஒருவர் வடிவமைத்திருக்க வேண்டும் என்று வாதிடும் 'அறிவார்ந்த வடிவமைப்பு'க் கொள்கைக்கான நூல் அது. வாக்கெடுப்பு 4-4 என்று நின்றது. ஓர் உறுப்பினர் மனம் மாறியதால் பாடநூலுக்கு அனுமதி கிடைத்தது. பிறகு, அந்த இரண்டாம் நூலின் 60 பிரதிகள் பள்ளிக்கு அன்பளிப்பாக வந்து சேர்ந்தன. கொடுத்தவர் பெயர் இல்லை.

2004 அக்டோபர் 18 அன்று வாரியம் 6-3 என்ற வாக்கில் தீர்மானம் நிறைவேற்றியது: டார்வின் கொள்கையின் 'இடைவெளிகள்' பற்றியும், அறிவார்ந்த வடிவமைப்பு உட்படப் பிற கொள்கைகள் பற்றியும் மாணவர்களுக்கு அறியத்தர வேண்டும். ஆசிரியர்களும் நிர்வாகமும் கொடுத்த மென்மையான வரைவில் அந்தக் கொள்கையின் பெயரே இல்லை, அது ஒதுக்கப்பட்டது. இத்தகைய மாற்றத்தை ஒரு கூட்டத்தில் விவாதித்து அடுத்த கூட்டத்தில் வாக்குக்கு விடுவது அங்கே வழக்கம். அதையும் தாண்டிப் போனார்கள். எதிர்த்து வாக்களித்தவர்களில் கரோல் பிரவுன், ஜெஃப் பிரவுன் தம்பதி அன்றிரவே பதவி விலகினார்கள். கொள்கைக்காக விலகியது மரியாதைக்குரியது. ஆனால் முன்னே சொன்ன விதி இங்கேதான் கடிக்கிறது: காலியான இடங்களை நிரப்பும் அதிகாரம் வென்றவர்கள் கைக்குப் போனது.

மாணவர்களுக்கு உண்மையில் என்ன சொல்லப்பட்டது?

நான்கு சிறு பத்திகள் கொண்ட ஓர் அறிக்கை. வாசிக்க ஒரு நிமிடம் ஆகலாம். மாநிலப் பாடத்தரம் டார்வின் கொள்கையைக் கற்கச் சொல்கிறது. அது ஒரு கொள்கையே தவிர உண்மை நிலை அல்ல. அதில் இடைவெளிகள் உண்டு. அறிவார்ந்த வடிவமைப்பு உயிரின் தோற்றத்துக்கு வேறொரு விளக்கம். விரும்புபவர்கள் இன்ன நூலைப் பார்க்கலாம். உயிரின் தோற்றம் பற்றிய பேச்சு அவரவர் குடும்பத்துக்கு விடப்படுகிறது. அவ்வளவுதான். விருப்பமில்லாத மாணவர் வெளியே போகலாம். கேள்வி கேட்க இடமில்லை.

ஒரு நிமிடத்தில் என்ன கெட்டுப்போகும் என்று அப்போது பலர் கேட்டார்கள். வகுப்பில் சொன்ன ஒன்றைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது என்று பள்ளியே சொல்வது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு நிமிடத்தின் கேட்டுக்குப் போதுமான சான்று.

ஆசிரியர்கள் எதிர்க்கவில்லையா?

முதலில் விட்டுக்கொடுத்தார்கள். வேறொரு அமைப்பின் காணொளியைப் பார்க்கச் சம்மதித்தார்கள். இரண்டாம் நூல் துணைநூலாக வகுப்பில் இருக்கட்டும் என்றும் சொன்னார்கள். தங்கள் பாடநூல் கைக்கு வந்தால் போதும் என்ற கணக்கு. அறிவியல் துறைத் தலைவர் பெர்த்தா ஸ்பார், அறிவார்ந்த வடிவமைப்பு என்பது வேறு பெயரிலான படைப்புவாதம், சட்டச் சிக்கல் வரும் என்று முன்கூட்டியே எச்சரித்தார். தீர்மானம் போட்ட உறுப்பினர்களில் பலர் அவர்களிடம் கருத்து கேட்கவே இல்லை.

2005 ஜனவரியில் அந்த அறிக்கையை வகுப்பில் வாசிக்கச் சொன்னபோது அவர்கள் மறுத்துக் கடிதம் கொடுத்தார்கள். அவர்கள் பிடித்துக்கொண்ட கயிறு மாநிலத்தின் ஆசிரியர் நடத்தை விதி: பாடப்பொருளைத் தெரிந்தே திரித்துச் சொல்லக் கூடாது. அறிவியல் அல்லாததை அறிவியல் என்று வாசித்தால் அந்த விதியை மீறியவர்கள் ஆவோம் என்றார்கள். ஆகவே வகுப்புக்குள் நிர்வாக அதிகாரிகள் வந்து வாசித்தார்கள். ஆசிரியர்கள் வெளியே நின்றார்கள்.

கண்காணிப்பாளர் தடுத்திருக்க முடியாதா?

வாக்கால் முடியாது. குரலால் முடிந்திருக்கலாம்.

கண்காணிப்பாளர் ரிச்சர்ட் நில்சன், துணைக் கண்காணிப்பாளர் மைக்கேல் பாக்ஸா இருவருக்கும் செய்தி தாமதமாக வரவில்லை. பான்செலின் பெயருக்கு நேரே 'படைப்புவாதம்' என்று குறிக்கப்பட்ட அந்தத் தாள்கள் நில்சனுடைய குறிப்புகள். பான்செல் படைப்புவாதத்துக்குச் சமப் பங்கு கேட்கிறார் என்று 2003இலேயே ஸ்பாரிடம் சொன்னவர் பாக்ஸா. 2004 ஆகஸ்டில் மாவட்டத்தின் சட்ட ஆலோசகர் ஸ்டீஃபன் ரசல், நில்சனுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். சில ஆண்டுகளாகவே மதத்தைப் பள்ளிக்குள் மீண்டும் கொண்டுவருவது பற்றி ஊரில் பேச்சு இருக்கிறது. வழக்கு வந்தால் அது எதிர்த்தரப்புக்கு வலுச் சேர்க்கும் என்பது அதன் சாரம். அதாவது நோய் என்ன, எங்கே பரவும் என்பது எழுத்தில் மேசைமீது இருந்தது.

நிர்வாகம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. மென்மையான வரைவு ஒன்றை முன்வைத்தது. இரு தரப்புக்கும் நடுவே ஓடி ஓடிச் சமரசம் தேடியது. ஆனால் சமரசத்தின் ஒவ்வொரு படியிலும் ஆசிரியர்கள் இறங்கினார்கள், வாரியம் இறங்கவில்லை. மேலே இருப்பவர் வேலை கொடுப்பவர், கீழே இருப்பவர் வேலை செய்பவர் என்ற இடத்தில் நின்று சமரசம் பேசினால் அது எந்தப் பக்கம் சரியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 'இது என் தொழில்முறைக் கருத்துக்கு எதிரானது, பதிவு செய்யுங்கள்' என்று ஒரு பொதுக்கூட்டத்தில் சொல்லியிருந்தால் தீர்மானம் நின்றிருக்குமா என்பது தெரியாது. வாரியத்தில் குறைந்தது சிலராவது எதற்கு வாக்களிக்கிறோம் என்றே தெரியாமல் கை தூக்கியவர்கள். அது பிறகு நீதிமன்றத்தில் வெளிவந்தது. அப்படிப்பட்டவர்கள் நடுவே தெளிவான ஒரு குரலுக்கு விலை அதிகம்.

டோவர் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் இரண்டு பக்தியுள்ள உறுப்பினர்களையே வில்லன்களாகப் பார்க்கிறார்கள். பிடிவாதக்காரர்கள் எல்லா ஊர் வாரியத்திலும் இரண்டு பேர் இருப்பார்கள். அவர்களை ஏழு பேரும் ஓர் அதிகாரியும் எப்படிக் கையாள்கிறார்கள் என்பதுதான் ஒரு மாவட்டத்தின் தரம்.

வழக்குப் போட்டது யார்?

பதினோரு பெற்றோர்கள். முதல் பெயர் டாமி கிட்ஸ்மில்லர் என்பதால் வழக்குக்கு அந்தப் பெயரே நிலைத்தது. 2004 டிசம்பர் 14 அன்று, தலைநகர் ஹாரிஸ்பர்க்கிலுள்ள மத்திய நீதிமன்றத்தில். அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்கிற அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அவர்களுடைய அடிப்படை. பொதுப்பள்ளியில் பரிணாமம் கற்பித்தால் படைப்புவாதமும் கற்பித்தாக வேண்டும் என்ற லூசியானா மாநிலச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1987லேயே செல்லாது என்றிருந்தது. எனவே டோவரில் எஞ்சியிருந்த கேள்வி: அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியலா, அல்லது உடை மாற்றிக்கொண்டு வந்த படைப்புவாதமா?

விசாரணையில் என்ன வெளிவந்தது?

2005 செப்டம்பர் 26 முதல் நவம்பர் 4 வரை, ஜூரி இல்லாமல், நீதிபதி ஜான் ஜோன்ஸ் முன்னிலையில் நடந்தது. மூன்று காட்சிகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, அந்த 60 பிரதிகளின் கதை. அன்பளிப்புப் பணம் பக்கிங்ஹாம் தன் தேவாலயத்தில் எழுந்து நின்று கேட்டுத் திரட்டியது. 850 டாலருக்கான காசோலை அவரிடமிருந்து போனது ஆலன் பான்செலின் தந்தைக்கு. அவர் நூல்களை வாங்கினார். வழக்குக்கு முந்தைய சத்திய வாக்குமூலத்தில் இந்த விவரம் கேட்கப்பட்டபோது இருவரும் சொல்லவில்லை. விசாரணையில் இது அம்பலமானபோது நீதிபதியே குறுக்கிட்டுப் பான்செலைக் கேள்வி கேட்டார். கூட்டத்தில் 'படைப்புவாதம்' என்ற சொல்லையே பேசவில்லை என்று பக்கிங்ஹாம் மறுத்தார். உள்ளூர் நாளிதழ் நிருபர்கள் இருவர் தங்கள் செய்தி சரி என்று சாட்சி சொன்னார்கள். அவர் அந்தச் சொல்லைச் சொல்லும் தொலைக்காட்சிப் பேட்டியும் திரையிடப்பட்டது. வாரியக் கூட்டத்துக்கு ஒழுங்காகப் போய் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் உள்ளூர் நிருபர் ஒருவர் ஊருக்கு எவ்வளவு பெரிய சொத்து என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. இன்று அத்தகைய நாளிதழ்கள் ஊர் ஊராக மூடப்படுகின்றன.

இரண்டாவது, நூலின் பழைய கைப்பிரதிகள். தத்துவப் பேராசிரியர் பார்பரா ஃபாரஸ்ட், அந்நூலின் அடுத்தடுத்த வரைவுகளை வரிசையாக வைத்துக் காட்டினார். 1987 தீர்ப்புக்கு முந்தைய வரைவுகளில் 'படைப்பு' என்றிருந்த இடங்கள், ஏறத்தாழ 150, தீர்ப்புக்குப் பிறகு 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று மாற்றப்பட்டிருந்தன. விளக்கம் அப்படியே இருந்தது. அவசரத்தில் மாற்றியவர் ஓரிடத்தில் பழைய சொல்லின் தலையையும் வாலையும் விட்டுவிட்டு நடுவில் புதிய சொல்லைச் செருகியிருந்தார். இப்படி ஒரு தடயத்தைத் துப்பறியும் கதையில் எழுதினால் நம்பமாட்டோம்.

மூன்றாவது, வாரியத் தரப்பின் முதன்மை நிபுணர், உயிர்வேதியியல் பேராசிரியர் மைக்கேல் பீஹீ. அறிவியல் கொள்கை என்பதற்கு அவர் கொடுத்த தளர்வான வரையறையின்படி ஜோதிடமும் அறிவியல் கொள்கை ஆகுமே என்று குறுக்கு விசாரணையில் கேட்டபோது, ஆகும் என்று ஒப்புக்கொண்டார்.

கடைசி நாளில் வாரியத்தின் வழக்கறிஞர், விசாரணை தொடங்கி இன்றோடு நாற்பது நாள், இன்றிரவோடு நாற்பது இரவு, தாங்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்தீர்களா என்று நீதிபதியிடம் வேடிக்கையாகக் கேட்டார். விவிலியப் பெருவெள்ளத்தின் கணக்கு அது. சுவையான தற்செயல்தான், ஆனால் வடிவமைத்து நடந்ததல்ல என்றார் நீதிபதி.

தீர்ப்பு என்ன?

2005 டிசம்பர் 20 அன்று வந்தது, 139 பக்கம். அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல. வாரியத்தின் கொள்கை முதல் திருத்தத்தை மீறுகிறது. இனி அதை நடைமுறைப்படுத்தக் கூடாது. வாரியத்தின் முடிவை 'மூச்சை அடைக்கும் அசட்டுத்தனம்' என்று எழுதினார் ஜோன்ஸ். தங்கள் மத நம்பிக்கையைப் பொதுவெளியில் பெருமையோடு அறிவித்த சிலர், உண்மை நோக்கத்தை மறைக்கத் திரும்பத் திரும்பப் பொய் சொன்னார்கள் என்றும் எழுதினார். அவரைத் தீவிர இடதுசாரி என்று ஒதுக்கிவிட முடியாது: 2002இல் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர், குடியரசுக் கட்சிக்காரர்.

சட்டப்படி இந்தத் தீர்ப்பு மத்திய பென்சில்வேனியாவுக்கு வெளியே யாரையும் கட்டுப்படுத்தாது. மேல்முறையீடு நடக்காததால் உயர் நீதிமன்றங்கள் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் மற்ற மாநிலங்களின் வாரியங்கள் அதைப் படித்துவிட்டுப் பின்வாங்கின.

ஊர் மக்கள் என்ன செய்தார்கள்?

தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. விசாரணை முடிந்த நான்காம் நாள், 2005 நவம்பர் 8, தேர்தல். பதவி விலகல்களும் நியமனங்களும் சேர்ந்து, ஒன்பதில் எட்டு இடங்கள் ஒரே நேரத்தில் வாக்குக்கு வந்திருந்தன. பதவியிலிருந்த எட்டுப் பேரும் தோற்றார்கள். ஒரு வாக்கு இயந்திரக் கோளாறால் ஓரிடத்துக்கு மட்டும் 2006 ஜனவரியில் மறுவாக்கு நடந்தது. அங்கேயும் புதியவரே வென்றார். அவர் பிரையன் ரேம், டோவரில் முன்பு இயற்பியல் கற்பித்தவர், வழக்குத் தொடுத்த பதினோரு பேரில் ஒருவர். பக்கிங்ஹாம் அந்தத் தேர்தலுக்கு முன்பே பதவி விலகி வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார்.

மத ஒளிபரப்பாளர் பேட் ராபர்ட்சன், உங்கள் ஊரில் பேரிடர் வந்தால் கடவுளிடம் போகாதீர்கள், அவரை இப்போதுதான் வெளியேற்றினீர்கள் என்று தொலைக்காட்சியில் டோவர் மக்களை எச்சரித்தார். வெளியேற்றியவர்களில் பலரும் தேவாலயம் போகிறவர்கள்தாம். அவர்கள் நிராகரித்தது ஒரு வாரியத்தை.

செலவு யார் தலையில் விழுந்தது?

வரி கட்டுபவர்கள் தலையில். வாரியத்துக்காக வாதாடிய தாமஸ் மோர் சட்ட மையம் கட்டணம் வாங்கவில்லை. இதைத்தான் 'இலவச வழக்கறிஞர்' என்று உறுப்பினர்கள் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, குடிமை உரிமை வழக்குகளில் தோற்ற அரசு அமைப்பு, வென்றவரின் வழக்கறிஞர் செலவைக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவு 20 லட்சம் டாலருக்கு மேல். வென்றவர்கள் பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள். 2006இல் புதிய வாரியம் 10,00,011 டாலர் கொடுக்கச் சம்மதித்தது. அந்தப் பதினோரு டாலர், பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஒரு டாலர் இழப்பீடு.  3,700 மாணவர்கள் உள்ள மாவட்டத்துக்குப் பத்து லட்சம் டாலர் என்ன என்பதை வரவுசெலவுத் திட்டம் போட்டவர்களே அறிவார்கள். தீர்மானத்துக்குக் கை தூக்கிய எவரும் சொந்தப் பையிலிருந்து ஒரு சென்டும் கொடுக்கவில்லை.

இந்த வாரியங்களையே ஒழித்துவிட்டு மாநில அரசே நடத்தினால் என்ன?

கேட்கத் தோன்றும். ஆனால் டோவரில் தவறு செய்ததும் ஊர்தான், பதின்மூன்று மாதங்களுக்குள் திருத்தியதும் ஊர்தான். அதே தீர்மானத்தை மாநிலத் தலைநகரில் ஓர் அமைச்சர் போட்டிருந்தால், 500 மாவட்டங்களின் பிள்ளைகளும் அதைக் கேட்டிருப்பார்கள். அவரைத் தோற்கடிக்கப் பக்கத்துத் தெருக்காரர் எவரும் வேட்புமனு போட்டிருக்க முடியாது. என் கணக்கில் உள்ளூர் வாரியம் நீடிக்கட்டும். சட்ட ஆலோசகர், கண்காணிப்பாளர் இருவரின் எழுத்துபூர்வக் கருத்தையும் வாக்கெடுப்புக்கு முன் கூட்டத்தில் வாசித்தாக வேண்டும் என்று ஒரு விதி மட்டும் வந்தால் போதும். டோவரில் அந்த விதி இருந்திருந்தால், ரசலின் மின்னஞ்சலை ஊரே அக்டோபர் மாதத்திலேயே கேட்டிருக்கும்.

நான் விசாவில் இருக்கிறேன், வாக்குரிமை இல்லை. எனக்கு இதில் என்ன இடம்?

பள்ளி வாரியத்துக்கு வாக்களிக்கவோ போட்டியிடவோ முடியாது. அதற்குக் குடியுரிமை வேண்டும். ஆனால் பென்சில்வேனியாவின் பொதுக்கூட்டச் சட்டம், அந்த மாவட்டத்தில் குடியிருப்பவருக்கும் வரி கட்டுபவருக்கும் கூட்டத்தில் பேசும் உரிமை தருகிறது. கடவுச்சீட்டின் நிறம் கேட்பதில்லை. வாடகை வீட்டிலிருந்தாலும் நீங்கள் குடியிருப்பவர்தான். 2021 முதல், கூட்டத்துக்கு 24 மணி நேரம் முன்பாவது நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும். பாடநூல்களையும் கற்பிக்கும் பொருள்களையும் பார்வையிடப் பெற்றோருக்கு மாநில விதி உரிமை கொடுக்கிறது. உங்கள் மத நம்பிக்கைக்கு முரணான குறிப்பிட்ட பாடத்திலிருந்து பிள்ளைக்கு விலக்குக் கேட்டு எழுதவும் முடியும். ஆவணம் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம்; அமெரிக்காவில் சட்டப்படி வசிக்கும் எவரும் கொடுக்கலாம், ஐந்து வேலைநாளில் ஏதாவதொரு பதில் வந்தாக வேண்டும். மற்ற மாநிலங்களில் விதிகள் மாறும். மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதன்முறை போகிறவர்களுக்கு: பேச மூன்று நிமிடம்போலத்தான் கிடைக்கும், பெயரையும் ஊரையும் முதலில் சொல்லச் சொல்வார்கள், நீங்கள் கேட்கும் கேள்விக்கு அன்றே பதில் வராது. எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பேசி முடித்ததும் அதன் ஒரு பிரதியைச் செயலரிடம் கொடுத்துவிட்டு, கூட்டக் குறிப்போடு சேர்க்கச் சொல்லுங்கள்.